திட்டக்குடி போகும் வழியில்

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கும் பெண்மணிகளுக்கு ஓர் எச்சரிக்கை! திட்டக்குடி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் உங்கள் பையில் இடம் இராது. பர்ஸில் பணம் இராது. பீங்கானுக்குப் பெயர் போன ஊர் இது. பிள்ளையார், அகல் விளக்கு, கொலுப் பொம்மை என்று பார்க்கப் பார்க்க ஆசை வரும்.

வாங்குவதோடு நிற்காமல் பட்டறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து அச்சில் வார்க்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு மூக்கு உடைந்திருந்தால் யாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. தொட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மண்தான். நாளைக்கு வேறொரு பொம்மையாகிவிடும். ஆனால் சூளையில் ஏறி, சூடு 600 டிகிரியைத் தாண்டிவிட்டதோ, பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மண்ணாகாது. விரிசல் விட்டது விட்டதுதான். கழிப்பதானால் சூளை ஏறுமுன் கழித்துவிட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை மனத்தில் முடிந்துகொண்டு பஸ் ஏறுங்கள்.

பெண்ணாடத்தைக் கடந்து மேற்கே போனால் திட்டக்குடி. வைத்தியநாத சுவாமி கோயிலில் தரிசனம் முடித்துக்கொண்டு வெள்ளாற்றங்கரைக்கு வாருங்கள். வருஷத்தில் பல மாதம் இங்கே தண்ணீரைவிட மணல்தான் அதிகம். மழைக்காலத்திலோ, இதுவா அந்த ஆறு என்று கேட்கத் தோன்றும். இங்கிருந்து கிழக்கே ஓடி, கூடலையாற்றூரில் விருத்தாசலத்து மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது.

அந்தப் பரங்கிப்பேட்டையில் ஒரு பழைய கதை உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனியில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். இந்த நாட்டு இரும்பின்மேல் அவருக்கு அசாத்திய மோகம். உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830ல் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். சேலத்துத் தாது, காட்டு மரத்தின் கரி, சீமையிலிருந்து இயந்திரம். இரும்பு என்னவோ நல்ல இரும்புதான், கணக்குத்தான் கட்டவில்லை. கம்பெனியாரிடம் கடன், அதன்மேல் கடன், புதிய பங்குதாரர்கள் என்று வண்டி ஓடியது. உலையோ காட்டைத் தின்றது; கரி கிடைப்பதே கஷ்டமாயிற்று. பல கைகள் மாறி, 1860களில் உலை அணைந்தது. 1853ல் ஏற்பட்ட ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனியும் 1874ல் கலைந்துபோயிற்று.

ஹீத் அதற்கு வெகுநாள் முன்பே சீமைக்குத் திரும்பிவிட்டார். அங்கே அதிர்ஷ்டம் மறுபடியும் கதவைத் தட்டியது. மாங்கனீஸ் சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு 1839ல் உரிமை வாங்கினார். அதனால் ஷெபீல்டு நகரத்தில் எஃகின் விலையே இறங்கியது. ஆனால் அவருடைய ஏஜெண்டே அதை இன்னும் மலிவாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரெல்லாம் அதைப் பின்பற்றியது. ஹீத் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு, அப்பீல், மறு விசாரணை! வறுமையிலேயே காலமானார் மனிதர். அதன் பிறகு, 1855ல், பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் தரப்புக்கு விரோதமாகவே வந்தது.

ஹீத்துக்குத் திறமை குறைவா? உழைப்பு குறைவா? இரண்டும் ஏராளம். எழுந்து வருகிற வேளைதான் அமையவில்லை.

இது சீமைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் வீடுகளிலும் நடப்பதுதானே? வீட்டுக்காரர் ஒரு கடை வைக்கிறார். அல்லது நாமே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு தொழில் தொடங்குகிறோம். நஷ்டம் வருகிறது. முதலில் வளையல் அடகுக்குப் போகிறது, பிறகு சங்கிலி. டெலிபோன் மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ராத்திரி தூக்கமில்லை, குழந்தைகளிடம் எரிந்து விழுகிறோம். "இவ்வளவு போட்டாயிற்றே, இப்போது விட்டால் அத்தனையும் வீணாகுமே!" என்று வீட்டுப் பத்திரத்தையும் எடுக்கப் போகிறோம்.

அந்தப் பத்திரம்தான் சூளை வாசல்!

பெட்டியைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இதே தொழிலை, இதே கடனோடு, இன்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் நாம் வாங்குவோமா? "ஐயோ, வேண்டாம்" என்று மனசு சொன்னால், போன பணத்துக்காக இருக்கிற பணத்தைப் போடுவதில் அர்த்தமில்லை. இன்னும் நல்லது, தொடங்குகிற அன்றே எல்லை கட்டுவது: இவ்வளவு பணம், இத்தனை மாதம், அதற்குமேல் இல்லை என்று. நெருக்கடியில் குழம்பும் புத்திக்குத் தெளிந்த நாளில் எழுதி வைத்த கணக்கு துணைக்கு வரும்.

விலகுவது வேறு, ஓடிப்போவது வேறு. வேலையாட்களின் கூலியைத் தீர்த்து, கடன்காரரை நேரில் பார்த்துத் தவணை பேசி, சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வருவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நாலு பேர் நாலு நாள் பேசுவார்கள். ஐந்தாம் நாள் அவர்களுக்கு வேறு கதை கிடைத்துவிடும். நமக்கோ கையில் கொஞ்சம் முதலும், உடம்பில் கொஞ்சம் தெம்பும் மிஞ்சும். ஈர மண் கையில் இருக்கிறவரை இன்னொரு பொம்மை வார்க்கலாம்.

வெயில் சாய்ந்துவிட்டது, திட்டக்குடியில் பஸ்ஸுக்கு நேரமாகிறது. வாங்கிய பீங்கானை மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூளை ஏறிய சரக்கு. கீழே விழுந்தால் ஒட்டாது!