309ஐ வென்ற 141

2006 செப்டம்பரில், கோலாலம்பூர் கின்ராரா ஓவல் திடலில் இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்று அணிகள் மோதிய ஒருநாள் கிரிக்கெட் தொடர் நடைபெற்றது. 14ஆம் நாள் ஆட்டத்தில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 309 எடுத்தது. மேற்கிந்தியத் தீவுகள் 20 ஓவர்களில் 2 விக்கெட் இழப்புக்கு 141 எடுத்திருந்த நிலையில் ஆட்டம் மழையால் நின்றது. டக்வொர்த்-லூயிஸ் முறைப்படி அவ்வணி 29 ஓட்டங்களில் வென்றது.

மறுநாள் கணித வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, 309 பெரியதா, 141 பெரியதா?"

"309."

"பிறகு இந்தியா ஏன் தோற்றது?"

எனக்கு விடை தெரியவில்லை. "அது விளையாட்டு, இது கணிதம். உட்கார்!" என்றேன். அவன் முகம் வாடியது.

அன்றிரவு தேடிப் படித்தேன். திங்கட்கிழமை அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். விகிதப்படி 20 ஓவருக்கு ஏறத்தாழ 124 ஓட்டங்கள் என்று கணக்கிட்டான். "ஆனால் அவர்களுக்கு 112ஐத் தாண்டினாலே போதுமாக இருந்தது. ஏன்?" என்றேன். சற்று யோசித்தவன், "எட்டு விக்கெட் கையில் இருக்கிறதே, ஐயா! இனிமேல் வேகமாக அடிக்கலாம்" என்றான். எஞ்சிய ஓவர், எஞ்சிய விக்கெட் இரண்டையும் சேர்த்து மதிப்பிடுவதே அம்முறையின் அடிப்படை.

"வெள்ளிக்கிழமை எனக்கு இது தெரியாது" என்று வகுப்பறையில் ஒப்புக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் அவ்வகுப்பில் கேள்விகள் பெருகின. 'உட்கார்' என்று அடக்கிய கேள்விகள் எத்தனையோ என எண்ணும்போது மனம் இன்றும் கூசுகிறது.