அடியின் அரண்

நாட்டுக்கு அரண் இன்றியமையாதது; நடக்கும் அடிக்கும் அஃது அவ்வாறே இன்றியமையாதது. உடலின் சுமை முழுவதையும் தாங்கி, நாளெல்லாம் நிலத்தோடு பொருதும் உறுப்பு அடியே ஆகும். 26 எலும்புகள் நுட்பமாக இணைந்து ஓரடி அமைந்துள்ளது. அதற்குப் பகை பல. முள்ளும் கல்லும் குத்தும். கோடை மணல் சுடும். ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகும். குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். இப்பகைகளைத் தடுத்து நிறுத்துவது செருப்பு. பண்டைத் தமிழர் இதன் பயனை நன்கு உணர்ந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, நெடுவழி செல்லும் வணிகர் அணிந்த செருப்பினை, அடியை மறைக்கும் அரண் என்னும் பொருள்படக் குறிப்பிடுகின்றது.

இவ்வரண் ஆக்கப்படும் முறையை நோக்குவோம். பச்சைத்தோல் விரைவில் அழுகிவிடும் இயல்பினது. ஆதலின் அதனை முதலில் பதனிடுதல் வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பு நீரில் ஊறிய தோல் அழுகாது, நெடுநாள் உழைக்கும். காலின் வடிவாகச் செதுக்கிய கட்டையின்மேல் மேல்தோலை இழுத்துப் பொருத்தி, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலால் அடித்தோலோடு சேர்த்துத் தைப்பர். அடித்தோல் தடித்தது, நிலத்தோடு உராய்ந்து தான் தேய்ந்து, காலைத் தேயாமற் காப்பது அதன் தொழில். குதிகாலின் கீழ்த் தோலடுக்குகள் சில அமையும். மேல்தோலோ மெல்லியது, நடக்குந்தோறும் விரலடியில் மடங்கிக் கொடுப்பது. உள்ளே உள்ளங்காலைத் தாங்கும் உட்தோல் ஒன்று உண்டு. நாடா, காலணி கழலாதவாறு இறுக்கும். நாடாவின்கீழ் உள்ள நாக்கு, அவ்விறுக்கம் காலை வருத்தாதவாறு தடுக்கும். புறத்தே பகைக்கு வன்மை, அகத்தே காலுக்கு மென்மை. இவ்விரண்டும் கூடியதே நல்ல செருப்பு.

இவ்விரு பண்பும் எத்துணை இன்றியமையாதன என்பதை வேலூரில் நிகழ்ந்த மருத்துவப் பணி விளக்கும். 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோர்க்குப் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் பலர் கருதினர். அவர் ஆராய்ந்து கண்ட உண்மை வேறு. நோய் நரம்பினைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகின்றது. முள் தைத்தாலும் கொப்புளம் எழுந்தாலும் நோயாளர் அறியார். அப்புண்ணின் மேலேயே நடப்பர். புண் முற்றிக் கால் சிதையும். ஆதலின் அவர்க்கெனத் தனிச் செருப்பு ஆக்கப்பட்டது. அதன் உட்பகுதி மெல்லிய நுண்துளை ரப்பரால் ஆயது; உடற்பாரத்தை உள்ளங்கால் முழுதும் பரப்புவது. அடிப்பகுதியோ முள் ஊடுருவாத வன்மை உடையது. அதில் ஆணி அடித்தல் தவிர்க்கப்பட்டது. ஆணி எழுந்து குத்தினும் அக்கால் அறியாதன்றோ? நோவு காவாத காலுக்குச் செருப்பே காவலாயிற்று.

இத்துணைப் பயனுடைய பொருளை ஆக்கித் தந்தோர்க்கு உலகம் செய்த கைம்மாறு யாது? தோல்தொழில் புரிந்தோரை இழிந்தோர் என ஒதுக்கியது. அவருட் பலர் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடத்தலும் குற்றமெனக் கொள்ளப்பட்டது. பிறர் அடிக்கு அரண் செய்தவரின் அடி வெயிலில் வெந்தது! 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் விலக்கியதை உள்ளமும் விலக்குதல் வேண்டும்.

சாலையோர மரநிழலில் அமர்ந்து அறுந்த செருப்பைத் தைப்பவரை நாள்தோறும் காண்கின்றோம். அவர் குனிந்து தைக்கும் ஒவ்வொரு தையலும் ஒருவர் காலைக் காக்கின்றது. அவர்முன் செருப்பைக் காலால் தள்ளாது, கையால் எடுத்துக் கொடுக்கும் மாணவன், அடியின் அருமையையும் உழைப்பின் பெருமையையும் ஒருங்கே அறிந்தவன் ஆவான்.