மறைக்கும் அதிகாரம்

செகந்திராபாத், சர்தார் படேல் சாலை, மேஃபேர் சென்டர். சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இயங்கிய முகவரி இது. கணக்கேடுகளில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கியிருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லாதது என்று, 2009 ஜனவரி 7 அன்று அந்நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அக்கடிதத்தைப் பேராசையின் கதையாகவே பலரும் வாசித்தனர். தரவுத்தளம் பயில்வோர் அதில் வாசிக்க வேண்டியது வேறொன்று.

சத்யத்தில் ஓர் இன்வாய்ஸ் உருவாவதற்கு முன் பல மென்பொருள்களைக் கடந்து வரவேண்டும். திட்டப்பணி ஒன்றில் பதிவாகும். அதற்குரிய அடையாள எண் மற்றொன்றில் பிறக்கும். பொறியாளர் உழைத்த மணிக்கணக்கு வேறொன்றில் ஏறும். கட்டண விவரம் இன்னொன்றில் திரளும். இவற்றுக்குப் பின்னரே இன்வாய்ஸ் மேலாண்மை அமைப்பு தன் பணியைத் தொடங்கும். புலனாய்வாளர்கள் கண்டறிந்த 7,561 போலி இன்வாய்ஸ்களோ இவ்வழியே வரவில்லை. 'சூப்பர் யூசர்' என்னும் உச்ச அனுமதியின் வழியே நேரடியாக உட்புகுத்தப்பட்டன. ஒவ்வொரு பதிவையும் மறைக்க 'எச்', காட்ட 'எஸ்' என ஓர் எழுத்தே போதுமானதாயிருந்தது. மறைக்கப்பட்டவை வணிகப் பிரிவினரின் கண்ணுக்குத் தெரியாமலே விற்பனைத் தொகையில் சேர்ந்தன.

அந்நிறுவனத்தில் விதிமுறைகளுக்குப் பஞ்சமில்லை. 2001 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றிருந்ததால், உள்கட்டுப்பாடுகள் குறித்த அமெரிக்கச் சட்டமும் அதைக் கட்டுப்படுத்தியது. நிறுவன ஆளுகைக்கான தங்க மயில் விருதும் 2008இல் கிட்டியது. இணக்கச் சான்றிதழ்கள் யாவும் இருந்தன; உச்ச அனுமதி வைத்திருப்பவரைக் கண்காணிப்பவர் எவர் என்ற வினாவுக்கு மட்டும் விடையில்லை.

இறுதியில் காட்டிக்கொடுத்ததும் தரவே. போலி இன்வாய்ஸ்களுக்கு முந்தைய அமைப்புகளில் இணையான பதிவுகள் இல்லை. திட்டப்பணியும் உழைத்த நேரமும் இல்லாமல் அவை தாயில்லாப் பிள்ளைகளாய் நின்றன. ஒரு பொய்யை ஓரிடத்தில் எழுதுவது எளிது. தொடர்புடைய எல்லா அட்டவணைகளிலும் பொருந்த எழுதுவது அரிது.

2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அப்பத்துப் பேரில் தலைவரும் அவர்தம் சகோதரர்களும் மட்டுமல்லர், நிதிப் பிரிவு ஊழியர்களும் உள்தணிக்கைத் தலைவரும் இருந்தனர். கணினிப் பயிற்சியில் 'அட்மின்' என்பது ஒரு வசதியாக மட்டுமே கற்பிக்கப்படுகிறது; பிறர் ஏவலால் அதைப் பயன்படுத்துபவரும் கூண்டில் நிற்க நேரும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவுசெய்ய வேண்டும், அப்பதிவை எவரும் முடக்கலாகாது என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது செயல்படுகிறதா என்பதைத் தணிக்கையாளர் அறிக்கையில் கூறவேண்டும். அதன் பின்னர் வெளிவந்த தணிக்கை அறிக்கைகள் பலவற்றில் ஒரே வகையான வாக்கியம் மீண்டும் மீண்டும் தென்படுகிறது: மென்பொருளில் திருத்தப் பதிவு உண்டு; தரவுத்தளத்தில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்கு அது இயக்கப்படவில்லை.

முன்வாசலில் பூட்டு ஏறியிருக்கிறது. சூப்பர் யூசர் நுழைந்தது அவ்வழியே அன்று.