வெயில் தின்ற சன்னல்கள்

புதுச்சேரியில் மிஷன் வீதியிலிருந்து மேற்கே போகும் தெருக்களில் சில வீடுகள் கீழே தமிழ் வீடாகவும் மேலே பிரெஞ்சு வீடாகவும் நிற்கின்றன. கீழே திண்ணை, மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம். மாடியில் வளைவு வைத்த உயரமான சன்னல்கள். சாய்ந்த சிறு பலகைகளை வரிசையாகக் கோத்த கதவுகள். அப்படி ஒரு வீட்டில் மாடிச் சன்னல் கதவுகளைக் கழற்றிப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாசி மாதத்தில் பார்க்கப் போனேன். இருந்த நேரத்தில் பெரும்பகுதி சுரண்டுவதைத்தான் பார்த்தேன். இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. காசு கொடுக்க யாருக்கும் மனம் வராததும் அதற்குத்தான்.

கதவுகள் எல்லாம் தேக்கு. கொல்லைப்புறத்தில் நிழலில் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைசியாக அடித்த பச்சை எனாமல், வெயில் படும் பக்கம் முழுக்கச் செதில் செதிலாக எழும்பியிருந்தது. உரிந்த இடங்களில் மரம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மேஸ்திரி கட்டைவிரல் நகத்தால் அதில் ஒரு கோடு இழுத்தார். மெல்லிய நார் நகத்தோடு வந்தது.

"இது மேலயேதான் சார் அடிச்சிட்டுப் போறாங்க. பெயிண்ட் ஒட்டும். ஆனா இந்த நார்லதான் ஒட்டும். ரெண்டு மழை பெய்ஞ்சா நாரோட சேர்ந்து வந்துடும்."

அறிவியல் சொல்வதும் இதையேதான். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. பிடிமானம் இழந்த நார் மட்டும் மேலே மிஞ்சுகிறது. அதில் பூஞ்சை ஏறினால் சாம்பல் நிறம். புதிதாக இழைத்த பலகையைக்கூடச் சில வாரம் வெயிலில் வெறுமனே விட்டால் பெயிண்டின் பிடிப்பு குறையத் தொடங்கும் என்று அமெரிக்காவில் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகம் சோதித்துச் சொல்லியிருக்கிறது. மேஸ்திரி வைத்திருக்கும் விதி அதைவிடக் கறார்: காலையில் தேய்த்த கதவுக்குச் சாயங்காலத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும்.

வீட்டுக்காரர் முதலில் பொங்கலுக்குள் முடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஊருக்கு மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். மார்கழிப் பனியும் போன பிறகுதான் மரம் உள்ளே காயும். ஈரத்தை வைத்து மேலே எனாமலைப் பூசினால், வெயில் ஏறும்போது அது ஆவியாகிப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அளக்கும் கருவி இவரிடம் கிடையாது. ஓர் ஓரத்தில் உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கிறார். தூள் பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். தாளிலேயே அப்பிக்கொண்டால் இன்னும் காய வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது சுவருக்குச் சரி. மரத்துக்கு மாசியும் பங்குனியும்தான் காலம்.

சுரண்டுகிற இடத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தகட்டால் எடுத்தார். பச்சைக்கு அடியில் வெளிர் நீலம் வந்தது. அதற்கும் அடியில் பழுத்த வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சு எதுவானாலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொட வேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் தூளாகி மூச்சில் ஏறும். தீயால் பொசுக்கினால் புகையாகி ஏறும். முன்பெல்லாம் ப்ளோ லாம்ப் வைத்துப் பொசுக்கித்தான் உரித்தோம், சீக்கிரம் முடியும் என்றார் மேஸ்திரி. இப்போது விட்டுவிட்டார். தண்ணீரில் நனைவது மேல்பரப்புதான், சில நாள் நிழலில் நிறுத்தினால் மறுபடி காய்ந்துவிடுகிறது.

அந்த இளைஞர் முகத்தில் கட்டியிருந்தது கைக்குட்டை. இந்தத் தூளுக்குக் கைக்குட்டை போதவே போதாது. நல்ல முகமூடியும் கையுறையும் வேலை கொடுக்கும் வீட்டுக்காரரின் செலவாக இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் அந்தச் செதில் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

பிறகு மேஸ்திரி ஒரு கதவைத் தலைகீழாக நிறுத்தி அதன் அடிமுனையைக் காட்டினார். சட்டத்தின் வெட்டுவாய் அங்கேதான் இருக்கிறது. பலகையின் முகத்தைவிட வெட்டுவாய் பல மடங்கு தண்ணீர் இழுக்கும். அங்கே பெயிண்டே பட்டிருக்கவில்லை. மாட்டியபடியே அடித்தால் அந்த இடத்துக்குத் தூரிகை போகாது. பேனாக்கத்தியின் நுனியை வைத்து அழுத்தினார். தேக்கு என்ற பெயருக்கே பொருத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அந்தத் துண்டை ஆசாரி வெட்டியெடுத்துப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒட்டின் வெட்டுவாயில் டர்பன்டைன் கலந்த லின்சீட் ஆயிலை மேஸ்திரி தொட்டுத் தொட்டு வைத்தார். வைத்த எண்ணெய் கண்ணெதிரிலேயே மறைந்தது. மறுபடி வைத்தார்.

"மரம் குடிக்கிற வரைக்கும் குடுக்கணும் சார். போதும்னா அதுவே மேல நிக்கும்."

எண்ணெய் துடைத்த துணியை மூலையில் சுருட்டிப் போடாமல் தண்ணீர் வாளிக்குள் போட்டார். லின்சீட் ஆயில் காயும்போது சூடு கிளம்பும்; குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும்.

மற்றவை எங்கும் நடப்பவைதான். தேக்கின் சொந்த எண்ணெய் பெயிண்டைக் காயவிடாது என்பதால் தின்னரால் ஒருமுறை துடைப்பு, பிரைமர், ஆணிக்குழிகளுக்குப் பட்டி, மெல்லிய தேய்ப்பு, இரண்டு கை எனாமல். வண்ணம் அடித்து முடிக்க ஆன நேரம், அதற்கு முன் நடந்த வேலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

கூலி மட்டும் நேர்மாறாக இருக்கிறது. பெயிண்ட் வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசி விடுகிறார்கள். அந்தக் கணக்கில் இந்தச் சன்னல் கதவு வெறும் நீளமும் அகலமும்தான். ஒவ்வொரு சிறு பலகைக்கும் இரண்டு முகமும் இரண்டு விளிம்பும் இருப்பது சேராது. சுரண்டிய நாட்களும் சேராது. சீக்கிரம் முடித்தால்தான் வீட்டுக்கு அரிசி வாங்க முடியும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் சாம்பல் மரத்தின் மேலேயே அடித்துவிட்டுப் போனார் என்று குறை சொல்வது நியாயமாகாது.

இந்த மேஸ்திரி சுரண்டவும் தேய்க்கவும் நாள் கூலி, அடிப்பதற்குச் சதுர அடி என்று தனித்தனியாகக் கேட்கிறார். பாதிப் பேர் அதைக் கேட்டதுமே வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்களாம். இந்த வீட்டுக்காரரும் முதலில் தயங்கியிருக்கிறார். ஒரு கதவை மட்டும் செய்து காட்டச் சொல்லி, அடிமுனையில் கத்தி இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். தாழ்வாரத்துத் தூண்களுக்கும் அதே கணக்கில் இப்போது பேசி முடித்திருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன் அவையும் முடிந்துவிடும்.