புலாஸ்கி என்றொரு கோடாலி... அமெரிக்கக் காட்டுப் பாதையில் ஒரு தேடல்!

"புலாஸ்கி எடுத்துக்கிட்டீங்களா?"

குழுத் தலைவியான அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டபோது, யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தரையில் கிடந்த கோடாலியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சியாட்டிலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு விடுமுறையில் போயிருந்தேன். அக்காவும் மாமாவும் சில சனிக்கிழமைகளில் மலைப்பாதைகளைச் சரிசெய்யும் தன்னார்வலர் குழுவுடன் போவார்களாம். "லேப்டாப்பையே பாத்துக்கிட்டு இருக்கியே, வா" என்று என்னையும் இழுத்துப் போனார்கள்.

புலாஸ்கி பார்க்க எளிமையான கருவிதான். இரும்புத் தலையின் ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண்ணைக் கொத்தும் குறுகலான கொத்து. கைப்பிடி 3 அடி. வேரை வெட்டக் கோடாலிப் பக்கம், மண்ணைத் தோண்டக் கொத்துப் பக்கம். இரண்டு கருவிகளைச் சுமக்காமல் ஒன்றோடு மலையேறலாம். ஆனால் தோளில் வைத்து நடக்கக் கூடாது. பள்ளம் இருக்கும் பக்கத்துக் கையில், உடலை ஒட்டித் தொங்கவிட்டுத்தான் போக வேண்டும். கால் வழுக்கினால் கருவியைப் பள்ளத்தில் எறிந்துவிடலாம், நம் மேல் விழாது. முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 10 அடி இடைவெளி கட்டாயம்.

இன்னொரு கருவியின் பெயர் மெக்லியோட். ஒரு பக்கம் தடித்த பற்கள், மறுபக்கம் அகலமான தகடு. சருகை வாரி, மண்ணைச் சமப்படுத்தி, பிறகு நிமிர்த்திப் பிடித்துத் தரையை இடித்து இறுக்கலாம்.

மலைப்பாதையை அதிகம் கெடுப்பது மனிதர்களின் கால் இல்லையாம், தண்ணீராம். பலர் நடந்து நடந்து பாதையின் நடுப்பகுதி பள்ளமாகிவிடும். வெளி ஓரத்தில் மண் சேர்ந்து வரப்பு மாதிரி எழும்பிவிடும். மழைநீர் வெளியேற வழியில்லாமல் பாதையிலேயே ஓடி அதை அரித்துவிடும். நம் ஊர் வயலில் தண்ணீரை நிறுத்த வரப்பு கட்டுவோம். இங்கே வரப்பை உடைப்பதுதான் வேலை! பாதை பள்ளத்தின் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் சரிவு போதும். தண்ணீர் குறுக்கே வழிந்து போய்விடும்.

"இதுக்கெல்லாம் மெஷின் இல்லையா மாமா?" என்று கேட்டேன். 1964-ல் வந்த சட்டப்படி, 'வனாந்தரம்' என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் பொதுவாக மோட்டார் கருவிகளுக்கு அனுமதி இல்லை. விழுந்த மரத்தைக்கூட இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். எல்லாமே சுமந்து போகக்கூடிய கைக்கருவிகள்.

மாலைக்குள் நாங்கள் எட்டுப் பேர் சரிசெய்தது 60 அடி இருந்தால் அதிகம். என் உள்ளங்கையில் நான்கு கொப்புளங்கள். திரும்பும்போது மாமா சொன்னார், "நீ நினைச்சது தப்பில்ல. புலாஸ்கி ஒரு மனுஷன் பேருதான்."

அடுத்த வாரமே இடாஹோ மாநிலத்தில் இருக்கும் வாலஸ் ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.

மலைகளுக்கு நடுவே வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த குட்டி ஊர் அது. சியாட்டிலிலிருந்து பாஸ்டன் வரை போகும் நெடுஞ்சாலையின் கடைசி சிக்னல் விளக்கு இந்த ஊரில்தான் இருந்தது. 1991-ல் அதை எடுத்தபோது சவப்பெட்டியில் வைத்து இறுதி ஊர்வலமே நடத்தியிருக்கிறார்கள். குசும்புக்காரர்கள்!

ஊருக்குத் தெற்கே, ஓடையை ஒட்டி ஏறுகிறது புலாஸ்கி சுரங்கப் பாதை. ஒரு வழிக்கு 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வழியெங்கும் பலகைகள் கதை சொல்கின்றன.

1910 ஆகஸ்ட் 20. பல இடங்களில் எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீ, புயல் காற்றில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் சாம்பல். 80 பேருக்கு மேல் இறந்தார்கள். வாலஸ் ஊரிலேயே மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது.

வனத்துறை ரேஞ்சர் எட் புலாஸ்கி சுமார் 45 பேருடன் தீக்கு நடுவே மாட்டிக்கொண்டார். முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் என்பதால் மலையின் மடிப்புகள் அவருக்கு அத்துப்படி. எல்லோரையும் ஒரு பழைய சுரங்கத்துக்குள் தள்ளினார். புகையில் மூச்சுத் திணறி வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்தினார். வாசலில் ஈரக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, தீப்பிடித்த மரச்சட்டங்கள் மேல் தொப்பியால் தண்ணீரை அள்ளி ஊற்றியபடியே மயங்கி விழுந்தார். 5 பேர் உள்ளேயே இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் விடிந்ததும் தவழ்ந்து வெளியே வந்தார்கள்.

புலாஸ்கியின் கண்களும் நுரையீரலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சிகிச்சைக்கு அரசிடமிருந்து பணம் வரவில்லை. 1923-ல் அந்த இரவைப் பற்றி ஒரு பத்திரிகைப் போட்டிக்குக் கட்டுரை எழுதி, பரிசாகக் கிடைத்த 500 டாலரைக் கண் அறுவை சிகிச்சைக்குச் செலவழித்தார். இதைப் படித்தபோது பத்திரிகையில் வேலை பார்க்கும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அந்தப் பாதிப்புகளோடுதான், தீக்கு அடுத்த ஆண்டு, பட்டறையில் இந்தக் கருவியை அடித்து உருவாக்கினார். இதே மாதிரிக் கருவிகள் முன்பே இருந்தன என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் வனத்துறை ஆட்கள் கையில் நிலைத்தது இவர் செய்த வடிவம்தான். தீயணைக்க என்று வந்தது, பாதை போடவும் நின்றுவிட்டது. அவருடைய முதலெழுத்துகள் பொறித்த ஒன்றை வாலஸ் சுரங்க அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பாதையின் முடிவில் நின்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் சுரங்க வாசல் தெரிகிறது. அவ்வளவு சின்ன வாசல். இதற்குள் 45 பேரா என்று அக்கா கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இறங்கும்போது ஒரு வளைவில் முந்தைய நாள் மழைநீர் பாதையிலேயே தேங்கிக் கிடந்தது. ஓரத்தில் அதே வரப்பு. கையில் கருவி எதுவும் இல்லை. ஷூவின் குதிகாலால் நாலு தட்டுத் தட்டினேன். மண் உடைந்து, தண்ணீர் சரிவில் இறங்கியது. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டு" என்றார்.