தோல் உள்ளே, ஆள் வெளியே

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், வழியில் பெருமுக்கல் மலையை அவசியம் பார்த்திருப்பீர்கள். பாறைகளை அள்ளிக் குவித்தாற்போல் ஒரு சின்ன மலை. மேலே பழைய சிவன் கோயில். அதைத் தாண்டிக் கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு வாடை ஏறும். பிறகு கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளப் பாத்திகள்தான். என் தகப்பனார் அங்கே ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தச் சீமைக்குச் சங்கீத சம்பந்தமான பெருமை ஒன்று உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் பாணனுக்கு வழி சொல்லுகிறதே சிறுபாணாற்றுப்படை, அது சொல்லும் நெய்தல் நிலம் எங்கள் பக்கந்தான். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. யாழும் பசியுமாக வந்த பாணனுக்கு அரசன் உடுக்கத் துணி கொடுத்து, தானே நின்று பரிமாறினானாம்! பாட்டுக்காரனுக்கு அன்றைக்கு அவ்வளவு மதிப்பு.

சில நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பாணர் குலத்துக்கு என்ன நேர்ந்தது என்று பெரிய புராணத்தில் பாருங்கள். திருஞானசம்பந்தரின் பாட்டுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயில் வாசலில் நின்றுதான் வாசிக்கிறார். சொக்கநாதர் அடியார்களின் கனவில் வந்து சொன்ன பிறகே அவரை உள்ளே அழைத்துப் போகிறார்கள். திருவாரூரிலோ அவருக்கென்று வடக்கே வேறொரு வாசல் ஏற்படுகிறது! இசை நேர்வழியாகப் போகிறது; இசைத்தவருக்குத் தனி வழி.

இதைவிட மனசைத் தொடுவது ஆதனூர் நந்தனாரின் கதை. அவருடைய தொண்டு என்ன தெரியுமா? கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தத் தோலும் வாரும் கொடுப்பார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பார். சேக்கிழாரே சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த தோல் சந்நிதியில் முழங்கும். அவர் வெளியே நின்று அதைக் கேட்பார். தோல் உள்ளே, ஆள் வெளியே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தச் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடினார். நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் பயிரிடச் சொல்லும் வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது. அவர் பாரதியார் படைத்த பாத்திரம். அக்கிரகாரத்துத் திண்ணையிலும் வயல் வரப்பிலும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பிறகு டாக்கி வந்தது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேஷம் போட்டு நந்தனாராக நடித்தார். லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடெங்கும் அதே பேச்சு! 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனா'ரில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார்.

இந்த ஜெமினி படத்தைத்தான் 1950-களின் நடுவில் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகையில் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயசு இருக்கலாம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. காசு கொடுத்தவன் உட்காரலாம் என்பது கொட்டகையின் தர்மம். ஊரில் எந்தக் கூரைக்கும் அந்தத் தர்மம் கிடையாது. ஆனாலும் தரை டிக்கெட் மணலில் ஒரு கோடு இருந்தது. யாரும் கிழித்ததில்லை, யாரும் தாண்டினதும் இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பறை அடிக்கும் பெரியவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேசிகர் உருகிப் பாடினார். பெஞ்சிலும் அழுதார்கள், மணலிலும் அழுதார்கள். நந்தன் அக்கினியில் இறங்கும் நேரம். கொட்டகையே மூச்சுவிடாமல் இருந்தது.

"தாத்தா! நந்தன் மட்டும் எதுக்கு நெருப்புலே எறங்கணும்? அந்த ஆண்டை எறங்க மாட்டாரா?"

அந்தப் பேரன்தான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் அவன் வாயைப் பொத்தவுமில்லை. "மெதுவாக் கேளுடா" என்றார், அவ்வளவுதான்.

கோயில் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. அடுத்த மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரம் கோபுர வாசலில் வாசித்தது. பெரியவரின் பறை தெருமுனையோடு நின்றது.

இந்தக் கோடு நம் நாட்டு மணலில் மட்டுந்தான் இருந்ததா என்றால், இல்லை. 1939-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பு இனப் பாடகிக்கு, அமெரிக்கப் புரட்சி வீரர்களின் வம்சத்துப் பெண்கள் சங்கம் தன் மண்டபத்தைக் கொடுக்க மறுத்தது. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9-ந் தேதி, லிங்கன் நினைவாலயப் படிகளில் நின்று ஆண்டர்சன் பாட, எழுபத்தையாயிரம் பேர் திரண்டு கேட்டார்கள். டிசம்பரில் 'கான் வித் தி விண்ட்' படம் அட்லாண்டாவில் வெளியானபோது, அதில் நடித்த ஹாட்டி மெக்டானியல் அந்த விழாவுக்கு வரமுடியவில்லை. அந்த மாகாணத்து நிறப்பாகுபாடு அப்படி. 1940 பிப்ரவரியில் அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது. கறுப்பு இனத்தவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அதுதான். விருது வாங்கியவர் உட்கார்ந்திருந்ததோ, சுவரோரமாகப் போட்ட தனி மேஜையில்!

அதே 1939-இல் நம் நாட்டில் கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' வெளிவந்தது. புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்கு இடம் கொடுத்ததற்காகச் சம்பு சாஸ்திரி ஜாதிப் பிரஷ்டம் ஆகிறார் அதில். ஜூலை 8-ந் தேதி மதுரை வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட வகுப்பாரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அக்கினிப் பரீட்சை எதுவும் அங்கே நடக்கவில்லை.

கோடு இப்போது அழிந்துவிட்டதா? கொஞ்சம் மங்கியிருக்கிறது. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பறையை இன்று கல்லூரிப் பெண்கள் ஆசையோடு கற்கிறார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தபோது, அந்தப் பேரனின் கேள்வியை இனி மெதுவாகக் கேட்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

ஆனால் மிருதங்கத்தைக் கவனியுங்கள். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்துப் பதம் பார்த்துக் கட்டுகிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்தின் கை இருந்தது. டி. எம். கிருஷ்ணா 2020-இல் இவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ஆகவே உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். பிறகு வித்வானிடம் போய், "இந்த வாத்தியத்தைச் செய்தவர் யார்?" என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்லுவார். சபா காரியதரிசி உங்களுக்குத் தெரிந்தவரானால், அந்தப் பெயரையும் நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள். ஒரு வரிதானே? அதற்கு இடம் இல்லாமலா போகும்!