கைக்குழந்தைக்கு ஓர் இட ஒதுக்கீடு

இட ஒதுக்கீடு என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது வண்டி நிறுத்துகிற இடத்தைப் பற்றி.

எங்கள் தொண்டூரில் அந்தப் பிரச்னையே கிடையாது. வேப்பமரம் எங்கே இருக்கிறதோ, அதுதான் பார்க்கிங். செஞ்சிக்குப் போனால்தான் வம்பு. அதுவும் வெள்ளிக்கிழமை சந்தை என்றால் கேட்கவே வேண்டாம். டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து இறங்கும் ஆட்டுக்குக் கிடைக்கிற இடம்கூட, இடுப்பில் குழந்தையோடு வந்து இறங்கும் மனுஷிக்குக் கிடைக்காது.

இங்கிலாந்தில் இருக்கும் என் மாமா மகன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். ஒரு சூப்பர் மார்க்கெட் வாசல். தரையில் பெரிசாகக் குழந்தைத் தள்ளுவண்டிப் படம்.

"மாப்ளே, சின்னக் குழந்தையோட வர்றவங்க மட்டும்தான் இங்க கார் விடலாம். கடை வாசலுக்குப் பக்கத்துலயே!"

"வாசல் பக்கத்துல வி.ஐ.பி.க்கு இடம் விடறது நம்ம ஊர்லயும் உண்டேடா" என்றேன்.

"இங்க குழந்தைதான் வி.ஐ.பி." என்றான்.

விசாரித்தால் விஷயம் இருக்கிறது. அங்கே 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம் வரைக்கும் காரில் குழந்தைக்குத் தனி சீட் வேண்டும் என்பது சட்டம். கதவை முழுசாகத் திறந்தால்தான் பெல்ட்டைக் கழற்றி, கைக்குழந்தையை வெளியே எடுக்க முடியும். பக்கத்துக் கார் ஒட்டி நின்றால் கதவு பாதிதான் திறக்கும். அதனால் இந்த இடங்களைக் கொஞ்சம் அகலமாக விடுகிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் வைப்பது, நடக்கத் தெரிந்த வாண்டு கார்களுக்கு நடுவே கையை உதறிக்கொண்டு ஓடாமலிருக்க.

ஊனமுற்றோருக்கான இடத்துக்கு அங்கே சட்டம் துணை நிற்கிறது. குழந்தைக்காரர்களின் இடத்துக்கு அப்படி இல்லை. கடைக்காரர் தானாகப் பார்த்து விடுகிற இடம் அது. தனி ஆள் காரை விட்டால் போலீஸ் வராது. மிஞ்சினால் பார்க்கிங்காரர் ஒரு சீட்டு கிழித்து ஒட்டுவார்.

பி.காம். படித்தவனுக்கு எதையும் வரவு செலவாகப் பார்க்கிற வியாதி உண்டு. பார்த்தேன். செலவு: வாசல் பக்கம் நாலு இடம், ஒரு டப்பா பெயின்ட். வரவு: வாராவாரம் பால் பவுடர், டயபர், பிஸ்கெட் என்று மூட்டை கட்டுகிற குடும்பம். எந்தக் கணக்குப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

சரி, நமக்கு இது எதற்கு? இங்கே எத்தனை குடும்பம் காரில் வருகிறது?

அங்கேதான் சமாசாரமே இருக்கிறது. நம் குடும்பங்கள் வருவது டூவீலரில். அவர்களுக்குக் கதவு இடித்தால், நமக்கு சைலன்ஸர் சுடுகிறது. என் அக்கா மகனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது ஒரு ஜவுளிக்கடை வாசல். பெயர் வேண்டாம். ஹேண்டில் பாரோடு ஹேண்டில் பார் கோத்துக்கொண்டு நாற்பது பைக் நின்றன. தள்ளுவண்டி ஏறுவதற்காகக் கட்டிய சாய்தளத்தின் மேலேயும் ரெண்டு. அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் நுழைந்தாள். அப்போதுதான் நிறுத்தின பைக் ஒன்றின் சைலன்ஸர், பையனின் கெண்டைக்காலைத் தொட்டது. தழும்பு இன்றைக்கும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருக்கிறது. பைக்காரர் நல்லவர்தான். "அஞ்சே நிமிஷம்னுதான் சார் விட்டேன்" என்றார்.

டூவீலரில் குழந்தைக்கு சர்க்கார் விதி இருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து, நாலு வயசுக்குக் கீழே என்றால் பெல்ட் மாட்ட வேண்டும், ஒன்பது மாதம் தாண்டினால் ஹெல்மெட், வேகம் 40 கிலோமீட்டருக்குள். ஓடுகிற வண்டிக்குத்தான் இதெல்லாம். வண்டியிலிருந்து குழந்தையை இறக்கிவிட நாலடி இடம்? அதை விதியால் வரவழைக்க முடியாது. யாராவது விட்டால்தான் உண்டு.

இடம் ஒதுக்குவது எங்கள் பக்கத்துக்குப் புதிசும் இல்லை. தொண்டூர்க் குகையில் சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கல்படுக்கைகள் இருக்கின்றன. அகலூர்க்காரர்கள் செய்த தர்மம் அது என்று பழைய தமிழ் எழுத்தில் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறது. முனிவர் வந்து "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று கெஞ்ச வேண்டியதில்லை. போர்டின் மகிமை அதுதான்.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். மொத்தம் 352. நல்ல காரியம். 2022-ல் லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தோடு சேர்த்து, மடக்குகிற மாதிரி குட்டி பெர்த் ஒன்றைச் சோதனையாக மாட்டினார்கள். அறிமுகம் செய்தது அன்னையர் தினத்தில். எல்லாமே அம்மாவுக்கு. அப்பா?

போன வருஷம் என் மனைவி சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதப் போனாள். எட்டு மாசக் குழந்தை, ஃப்ளாஸ்க், பால் புட்டி சகிதம் நானும் கூடவே போனேன். அவள் ஹாலுக்குள் போனதும் குழந்தைக்குப் பசி. பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை இருந்தது. ஆனால் உள்ளே பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆம்பளை நுழைவது சரியல்ல. அறை அவர்களுக்கானது, அப்படியே இருக்கட்டும். வெளியே பெஞ்சுகளில் இடமில்லை. என் கையில் மூன்றாவது கை முளைக்கவும் இல்லை.

பூக்காரப் பாட்டி ஒருத்தி பார்த்தாள். "இன்னா தம்பி, கொயந்த இப்படி அயுவுது? அம்மாக்காரி எங்க?"

"பரீட்சை எழுதறா பாட்டி."

"உங்கம்மா?"

"முட்டி வலி, வரலை."

"அவுங்கம்மா?"

இப்படியாக என் குடும்ப அட்டை முழுவதையும் ஒப்பித்த பிறகு கூடையை நகர்த்தி இடம் தந்தாள். "புள்ளயக் குடு, நான் வச்சிக்கிறேன். நீ பாலை ஆத்து" என்றாள். அந்தப் புண்ணியவதி நூறு வருஷம் இருக்கட்டும். ஆனால் ஒரு குழந்தை பால் குடிக்க, அதன் பாட்டிகளின் முட்டி வலி வரை வெளியே சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் உறுத்தியது. போர்டு இருந்தால் கேட்க வேண்டாம். கதை சொல்ல வேண்டாம். இரக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

தென்கொரியாவின் சியோலில் 2009-ல் பெண்களுக்கென்று பிங்க் கோடு போட்ட பார்க்கிங் கொண்டு வந்தார்கள். 2023-ல் அதையே குடும்பத்தினருக்கான இடமாக மாற்றினார்கள். கர்ப்பிணி, குழந்தையோடு வருபவர், வயசானவரோடு வருபவர் யாரானாலும் விடலாம். 14 வருஷத்தில் அவர்கள் மாற்றியது அதிகமில்லை, போர்டில் உள்ள வார்த்தையைத்தான்.

நாமும் அதைச் செய்யலாம். செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தாகிவிட்டது. குழந்தை குட்டிகளோடு கூட்டம் வரத்தான் போகிறது. கடைக்காரர்கள் வாசலில் ஆறடிக்கு ஒரு மஞ்சள் கட்டம் போட்டு, "குழந்தையோடு வருபவர்களுக்கு" என்று எழுதினால் போதும். பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறைக்கு வெளியே அதே வார்த்தையோடு ஒரு பெஞ்ச்.

பெயின்ட் வரும்வரைக்கும் ஆபீஸ் விட்டு வருகிற நாம் இருக்கிறோம். சாயங்காலம் கடை வாசலில் பைக்கை நிறுத்தும்போது சாய்தளத்தை விட்டு ரெண்டு அடி தள்ளி நிறுத்துங்கள். சைலன்ஸர் நடைபாதைப் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆகாதவர்களும்தான் சார். பொண்ணு பார்க்கப் போகிற இடத்தில் "பையன் எப்படி?" என்று விசாரிக்கிறவர்கள், கடைத்தெருவிலும் விசாரிப்பார்கள்.